மாட்டின் முதுகில் விழுந்த பிறைகள்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் சூரிய கிரகணத்தைப் பார்ப்பதும் படமெடுப்பதும்

2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். பாகூர்ப் பக்கத்தில் இருக்கும் ஆயா வீட்டில் அன்றைக்கு மதியம் தாண்டியும் மாடுகளைக் குளிப்பாட்டவில்லை. கிரகணம் விட்டபிறகுதான் கொம்புக்கு வர்ணம், நெட்டிமாலை எல்லாம் என்று ஆயா சொல்லிவிட்டது. தெருவில் பாதி வீடுகளில் கதவு சாத்தியிருந்தது. நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் மட்டும் களத்தில் நின்று, ஆளுக்கொரு எக்ஸ்ரே படத்தைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றரை மணி வாக்கில் வெயில் வெளுத்துப்போன மாதிரி ஆனது. அப்போதுதான் கொட்டகைக்குள்ளிருந்து ஆயாவின் குரல் கேட்டது: “அங்க என்னடா வானத்துல தேடிக்கிட்டு நிக்கற? இங்க வந்து மாட்டு மேல பாரு!”

போய்ப் பார்த்தேன். கீற்று வேய்ந்த கொட்டகை, கூரையில் சின்னச் சின்னப் பொத்தல்கள். மற்ற நாட்களில் அந்தப் பொத்தல்கள் வழியே தரையில் வட்ட வட்டமாக வெயில் விழும். அன்றைக்கு ஒரு வட்டம்கூட இல்லை. வெள்ளை மாட்டின் முதுகு, சாணி மெழுகிய தரை, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு, எங்கே பார்த்தாலும் பிறைகள். மாடு தோலைச் சிலிர்த்தபோது அதன் முதுகில் கிடந்த பிறைகளும் நெளிந்தன. அதற்கப்புறம் நான் வெளியே போகவே இல்லை.

அண்ணன் மட்டும் களத்திலேயே நின்று தொடர்ந்து பார்த்தார். மறுநாள் காலை செய்தித்தாளை எடுத்தவர், எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அந்த எழுத்து மட்டும் காணவில்லை என்றார். சுற்றியிருக்கும் எழுத்தெல்லாம் தெரிகிறதாம், பார்க்கிற இடத்தில் மட்டும் ஒரு சாம்பல் புள்ளியாம். விழித்திரையின் நடுவில் அடிபட்டிருக்கிறது, இதற்கு மருந்து கிடையாது, தானாகத் தேறினால்தான் உண்டு என்று கண் டாக்டர் சொன்னார். இடது கண் சில மாதங்களில் தேறியது. வலது கண்ணில் அந்தப் புள்ளி இன்றும் இருக்கிறது.

கிரகணம் என்றால் அந்த மதியம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். நம் ஊரில் கிரகணத்தைக் குனிந்து பார்ப்பதே மேல் என்று நான் சொல்லிவருவதற்கு அண்ணனின் கண் ஒரு காரணம். நாம் இருக்கும் இடம் இன்னொரு காரணம்.

சூரிய கிரகணம் அமாவாசையன்று மட்டுமே வர முடியும். பூமிக்கும் சூரியனுக்கும் நடுவில் நிலா வந்து நின்றால்தான் அதன் நிழல் நம் மேல் விழும். சூரியனின் குறுக்களவு நிலாவைப்போல் சுமார் 400 மடங்கு. தூரமும் ஏறத்தாழ 400 மடங்கு. அதனால் வானத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. நிலா கொஞ்சம் அருகே இருந்தால் சூரியனை முழுக்க மூடிவிடும், அது முழு கிரகணம். எட்டப் போயிருந்தால் நிலாவைச் சுற்றி ஒரு நெருப்பு வளையம் மிஞ்சும், அது வளைய கிரகணம். ஆனால் இந்த இரண்டும் தெரிவது பூமியின் மேல் ஓடும் ஒரு குறுகலான பட்டைக்குள் மட்டும்தான். பட்டைக்கு வெளியே நிற்பவர்களுக்குக் கடித்த அப்பளம் மாதிரி ஒரு சூரியன், அதாவது பகுதி கிரகணம்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அண்மைக் காலத்தில் கிடைத்ததெல்லாம் அந்தக் கடித்த அப்பளம்தான். 2010இல் வளையம் கன்னியாகுமரி, ராமேசுவரம், தனுஷ்கோடி வழியாகப் போனது. தனுஷ்கோடியில் நின்றவர்கள் ஏறத்தாழ 10 நிமிடம் வளையத்தைப் பார்த்தார்கள். 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று தமிழ்நாட்டின் நடுவிலேயே பட்டை ஓடியும் நமக்கு வளையம் இல்லை. 2020 ஜூன் 21 வளையம் ராஜஸ்தான், ஹரியானா, உத்தரகண்டோடு நின்றது. கொரோனா காலம் என்பதால் நாமெல்லாம் மொட்டை மாடியில் ஏறி, உச்சி வெயிலில் மூன்றில் ஒரு பங்கு மறைந்த சூரியனைப் பார்த்தோம். 2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள், சூரியன் மறைய அரைமணி நேரம் இருக்கும்போது கிரகணம் பிடித்து, பிடித்த நிலையிலேயே சூரியன் மேற்கில் இறங்கியது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முழு கிரகணம் நடக்கும்போது, நிலா சூரியனை அடியோடு மூடியிருக்கும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும், வெறும் கண்ணால் பார்ப்பதில் ஆபத்து இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதற்காகவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கிறார்கள். அவர்களுக்காகத் தயாரித்த வீடியோக்களில் ‘இப்போது கண்ணாடியைக் கழற்றலாம்’ என்று ஒரு வரி வரும். அந்த வீடியோக்கள் நம் கைப்பேசிக்கும் வருகின்றன. அந்த வரி நமக்கானது இல்லை. பகுதி கிரகணத்தில் கண்ணாடியைக் கழற்றுகிற நிமிடம் என்று ஒன்று கிடையாது. வளைய கிரகணத்திலும் கிடையாது.

‘முக்கால்வாசி மறைந்துவிட்டதே, மிச்சம் கால்வாசிதானே, அது என்ன செய்யும்?’ என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். விறகடுப்பின் வாயை முக்கால்வாசி ஓட்டால் மூடிவிட்டு, மிச்சமிருக்கும் சந்தில் கையை வைத்துப் பாருங்கள். நெருப்பு குறைந்தா இருக்கும்? சூரியனும் அப்படித்தான். மொத்த வெளிச்சம் குறைகிறதே தவிர, மிஞ்சியிருக்கும் பிறையின் ஒவ்வொரு புள்ளியும் எப்போதும்போல் அதே சூட்டோடு எரிகிறது. முழுச் சூரியன் பௌர்ணமி நிலவைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசமானது. 100இல் 99 பங்கு மறைந்தாலும், மிஞ்சிய ஒரு பங்கு 4,000 பௌர்ணமிக்குச் சமம்.

மற்ற நாட்களில் நம்மைக் காப்பாற்றுவது கூச்சம். சூரியனை நேராகப் பார்த்தால் ஒரு நொடிக்குள் கண் தானாக மூடிக்கொள்ளும், கண்ணீர் வரும், முகம் திரும்பிவிடும். கிரகணத்தன்று சுற்றிலும் வெளிச்சம் மங்குவதால் அந்தக் கூச்சம் குறைகிறது, பார்க்க வேண்டும் என்ற ஆசையோ கூடுகிறது. நம் கண்ணின் லென்ஸ், பூதக்கண்ணாடி காகிதத்தைப் பொசுக்குகிற மாதிரி, சூரியனை 0.16 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சின்னப் படமாக விழித்திரையில் குவிக்கிறது. குவியும் இடம் விழித்திரையின் நட்டநடுப் புள்ளி. எழுத்துப் படிப்பதும், முகம் அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் அந்தப் புள்ளியால்தான். அங்கே சூடு மட்டும் கேடு செய்வதில்லை. நீல ஒளி அந்தச் செல்களில் வேதிமாற்றத்தை உண்டாக்கி அவற்றை நசிக்கச் செய்கிறது. விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லாததால் நடக்கும்போது எதுவும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் மறுநாள் காலையில்தான் தெரியும். குழந்தைகளின் கண் லென்ஸ் பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது, அதிக ஒளியை உள்ளே விடும். அதனால் ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ‘அதோ பார்’ என்று கைகாட்டுவதைப் பார்த்தால் எனக்கு உடம்பு பதறும்.

சரி, எக்ஸ்ரே படத்துக்கு வருவோம். நம் வீடுகளில் யாருடைய கால் முறிவோ நெஞ்சுச் சளியோ எடுத்த படம் பீரோ மேல் ஒன்றாவது இருக்கும். அதன் வழியே பார்த்தால் சூரியன் இதமாகத் தெரிவதுதான் பெரிய ஆபத்து. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை அது ஓரளவு குறைக்கிறது. படத்தில் ஓர் இடம் அடர்த்தி, ஓர் இடம் வெளிறல். எந்த இடத்தில் எவ்வளவு ஒளி புகுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் புகுந்து வரும். இதமாக இருப்பதால் நாம் நிமிடக்கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்போம். புகை பிடிக்கவைத்த கண்ணாடி, பழைய போட்டோ நெகடிவ், சிடி, கூலிங் கிளாஸ் எல்லாவற்றிலும் இதே கதைதான். எத்தனை கூலிங் கிளாஸை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் போதாது.

தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீரோ சாணி கரைத்த தண்ணீரோ வைத்து அதில் கிரகணத்தைப் பார்ப்பது நம் பக்கத்து வழக்கம். சூரியனை நேராகப் பார்க்காதே என்று நினைத்த பெரியவர்களின் அக்கறை அதில் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. தண்ணீர் தன்மேல் நேராக விழும் ஒளியில் 100க்கு 2 பங்கைத் திருப்பி அனுப்பும், சரிவாக விழுந்தால் இன்னும் அதிகம். நேரடியாகப் பார்ப்பதற்கான வடிகட்டி எவ்வளவு ஒளியை விடலாம் என்பதற்கு ஐஎஸ்ஓ 12312-2 என்ற பன்னாட்டுத் தரம் வைத்திருக்கும் உச்ச அளவு 100க்கு 0.0032 பங்கு. அதாவது தாம்பாளத்துத் தண்ணீரில் தெரியும் சூரியன் அந்த அளவைவிட 600 மடங்குக்கும் மேல் பிரகாசம். கிரகணத்தன்று அதே தாம்பாளத்தில் உலக்கை தானாக நிற்கும் என்பார்களே, அதைப் பற்றியும் கேட்பார்கள். அடி தட்டையாக, எடை சமமாக இருக்கும் உலக்கை எந்த நாளிலும் நிற்கும். கிரகணம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு சேர்ந்து நிறுத்திப் பாருங்கள்.

அண்ணாந்துதான் பார்ப்பேன் என்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மேலே சொன்ன தரத்துக்கு உட்பட்ட கிரகணக் கண்ணாடி. வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டால் எதுவுமே தெரியக்கூடாது. ட்யூப்லைட்டு தெரிந்தால் தூக்கிப்போடுங்கள். கீறலோ ஊசிமுனை அளவு ஓட்டையோ இருந்தாலும் அப்படியே. சின்னப் பிள்ளைகளுக்கு அட்டைக் கண்ணாடி மூக்கில் நிற்காது, பக்கவாட்டில் வெயில் புகும். ஒரு காகிதத் தட்டில் கண்ணளவு வெட்டி அதில் கண்ணாடியை ஒட்டிவிட்டால் முகமூடி மாதிரி முகத்தையே மறைத்துக்கொள்ளும். கண்ணாடியை மாட்டும்போதும் கழற்றும்போதும் தரையைப் பார்க்கப் பழக்குங்கள்.

இன்னொன்று வெல்டிங் கண்ணாடி. பட்டறையில் கேட்டால் சட்டென்று எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், ஆனால் அதன் கருமையைக் காட்டும் எண்ணைப் பார்க்காமல் வாங்கக்கூடாது. 14ஆம் எண்தான் வேண்டும். கேஸ் வெல்டிங்குக்குப் போடும் கண்ணாடி 5, 6ஆம் எண்ணில் இருக்கும். ஆர்க் வெல்டிங் கண்ணாடி பெரும்பாலும் 10, 11. கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிந்தாலும் இவை எதுவும் சூரியனுக்கு உதவாது.

இதெல்லாம் கையில் இல்லாவிட்டாலும் கிரகணத்தை முழுசாகப் பார்க்க முடியும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

வேப்பமரத்தடியிலோ பூவரச மரத்தடியிலோ நிழலுக்கு நடுவே வட்ட வட்டமாக வெயில் கிடக்குமே, அவை என்ன? இலைகளின் இடுக்கு வட்டமாகவா இருக்கிறது? ஒன்று முக்கோணம், ஒன்று கோணல்மாணல். ஆனாலும் தரையில் விழுவது வட்டம். ஏனென்றால் அந்த ஒவ்வொரு வட்டமும் சூரியனின் படம். சின்ன ஓட்டை வழியே புகும் ஒளி ஓட்டையின் வடிவத்தைக் காட்டாமல், ஒளி எங்கிருந்து வருகிறதோ அதன் வடிவத்தைத் தலைகீழாகக் காட்டும். பிறந்ததிலிருந்து நாம் சூரியனின் படங்களை மிதித்துக்கொண்டுதான் நடக்கிறோம். வட்டமாக இருப்பதால் தெரியவில்லை. சூரியன் பிறையாகும் அன்றைக்கு எல்லாப் படமும் பிறையாகிவிடுகிறது. ஆயாவின் கொட்டகையில் நடந்தது இதுதான்.

படத்தின் அளவுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. ஓட்டைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை 108ஆல் வகுத்தால் சூரியப் படத்தின் குறுக்களவு வரும். பூமியிலிருந்து சூரியன் இருக்கும் தூரம் அதன் குறுக்களவைப்போல் ஏறத்தாழ 108 மடங்கு என்பதால்தான். 108 நமக்கு மறக்காத எண். ஒரு மீட்டருக்கு 9 மில்லிமீட்டர், இரண்டு மீட்டருக்கு 18. ஓட்டை சின்னதாக இருந்தால் படம் கூர்மை, பெரிதானால் வெளிச்சம் அதிகம் ஆனால் மங்கல். அட்டையில் ஊசியால் குத்திய ஓட்டை போதும். அதைவிடச் சமையலறைக்குப் போவது சுவாரசியம். சல்லடை, பூந்திக் கரண்டி, தேன்குழல் அச்சு, இட்லித் தட்டு எதையாவது வெயிலில் பிடித்து, கீழே வெள்ளை வேட்டியை விரித்தால் ஒரே நேரத்தில் நூறு கிரகணம். பூந்திக் கரண்டியின் ஓட்டை பெரிது, அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால்தான் பிறை தெளிவாக வரும். எதுவும் இல்லையென்றால் இரண்டு கை விரல்களையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து அந்த இடுக்கு வழியே வெயிலை விடுங்கள், போதும். ஆனால் ஓட்டை வழியே யாரும் சூரியனைப் பார்த்துவிடக் கூடாது. சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடங்களுக்கு நான் சொல்வது பந்துக் கண்ணாடி. தமிழ்நாடு அறிவியல் இயக்கம், புதுவை அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளின் முகாம்களுக்குப் போனவர்களுக்கு இது பழகியிருக்கும். சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியை ஒரு பிளாஸ்டிக் பந்தில் ஒட்டி, அரை சென்டிமீட்டர் ஓட்டை போட்ட காகிதத்தால் கண்ணாடியை மூடி, பந்தை ஒரு டம்ளர் மேல் உட்காரவைத்தால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். வெயிலில் வைத்து, இருட்டு அறையின் சுவரில் ஒளி விழும்படி திருப்ப வேண்டும். 10 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் 9 சென்டிமீட்டர் சூரியன் வரும். ஒரு வகுப்பே உட்கார்ந்து நிலா நகர்வதைப் பார்க்கலாம், பென்சிலால் சுவரில் வரையலாம். கண்ணாடியிலிருந்து வரும் ஒளிக்கற்றைக்குள் மட்டும் யாரும் முகத்தை நுழைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரையைப் பார்த்தே கிரகணத்தை அறிவது புதுச்சேரிக்குப் புதிதும் இல்லை. 1768இல் பிரான்சிலிருந்து லெ ஜெந்தி என்ற வானியலாளர் புதுச்சேரிக்கு வந்து, ஆங்கிலேயர் இடித்துப்போட்ட கோட்டையின் இடிபாடுகள் மேல் ஒரு கூடம் கட்டினார். சூரியனின் முகத்தை வெள்ளிக் கோள் கடந்து போவதைப் பார்ப்பது அவர் நோக்கம். 1761இல் நடந்த கடப்பை, புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் போய்விட்டதால் நடுக்கடலில் கப்பலில் இருந்தபடி கோட்டைவிட்டவர், 1769க்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். ஜூன் 4 காலை வந்தது. சூரியன் எழும் நேரத்தில் மேகம் மூடியது. வெள்ளி விலகியபிறகுதான் வானம் தெளிந்தது. நம் கடற்கரையில் விடியற்காலை வானத்தைப் பார்த்துப் பழகிய எல்லாருக்கும் அந்த மேகத்தைத் தெரியும்.

அவர் காத்திருந்த காலத்தில் இங்கே ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்குக் கற்றுக்கொண்டார். அதற்கு முன்பே நடந்திருந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் அந்தத் தமிழ்க் கணக்கு 41 நொடிதான் குறைந்தது. அன்றைய ஐரோப்பாவின் பேர்பெற்ற அட்டவணை 68 நொடி கூடிப்போயிருந்தது. அப்புறம் 1825இல் ஜான் வாரன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த, எண்களைச் சொல்லும் வாக்கியங்களைக் கொண்டே அந்த ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டியதை எழுதிவைத்திருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை நான்கு நிமிடம்தான். ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை. பஞ்சாங்கம் என்றாலே மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்களிடம் இந்தச் சோழிகளைப் பற்றித்தான் நான் பேசத் தொடங்குவேன். கிரகணத்தை நிமிடக் கணக்கில் முன்கூட்டிச் சொல்ல முடிகிறது என்பதே, அது எந்தக் கோபத்தாலும் வருவதில்லை என்பதற்குச் சான்று.

கடலூரில் இதைச் சொல்ல வேண்டிய நாள் 2019இல் வந்தது. டிசம்பர் 26, சுனாமியின் 15ஆம் ஆண்டு நினைவு நாள். கடலில் பால் ஊற்றி அழுவதற்காக மீனவக் குடும்பங்கள் கரைக்கு வரும் அதே காலையில் கிரகணம். திரும்பவும் ஏதாவது வருமோ என்று தேவனாம்பட்டினத்தில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவரின் பயத்தை ‘மூடநம்பிக்கை’ என்று நான் எப்படிச் சொல்வேன்? நடந்ததைச் சொன்னேன். 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள், அன்று சூரிய கிரகணம் வரவே முடியாது. சுனாமியைக் கொண்டுவந்தது சுமத்திராவுக்கு அருகே கடலடித் தட்டு விலகிய நிலநடுக்கம். கிரகணத்தன்று கடல் கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனால் அது எல்லா அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏறி இறங்குகிற அதே அளவு. வலை கட்டுகிறவர்களுக்கு அது தெரிந்த கணக்கு. அந்த அம்மா கொஞ்ச நேரம் கழித்து என் அட்டையை வாங்கி மணலில் பிறையைப் பார்த்தார்.

இனி படமெடுப்பது. கேமராவில் எடுப்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது, வடிகட்டி எப்போதும் லென்ஸின் முன்பக்கம் இருக்க வேண்டும், சூரியனுக்கும் லென்ஸுக்கும் நடுவில். கிரகணக் கண்ணாடியைக் கண்ணில் போட்டுக்கொண்டு டெலி லென்ஸ் வழியாகவோ பைனாகுலர் வழியாகவோ பார்ப்பது வெறும் கண்ணால் பார்ப்பதைவிட மோசம். லென்ஸ் குவித்த வெயில் அந்தக் கண்ணாடிப் படலத்தையே நொடியில் பொசுக்கிவிடும். கல்யாணப் போட்டோ எடுப்பவர்கள் வைத்திருக்கும் சாதாரண என்டி வடிகட்டியும், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடியும், போதாது. சூரியனுக்கென்றே விற்கும் படலத்தை வாங்கி, ஸ்வீட் பாக்ஸ் அட்டையில் இரண்டு வளையம் வெட்டி நடுவில் வைத்து ஒட்டி, லென்ஸில் இறுக்கமாகப் பொருந்துமாறு தொப்பி செய்துகொள்ளலாம். அதை டேப் போட்டு ஒட்டுங்கள். சில்வர் பீச்சிலும் புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் கடல்காற்று கிளம்பினால் ஒட்டாத வடிகட்டி பறந்துவிடும், அந்த நொடியில் உங்கள் கண் வ்யூஃபைண்டரில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திரையில் பார்த்து எடுப்பதே நல்லது.

108 கணக்கு இங்கேயும் உதவும். 500 மில்லிமீட்டர் லென்ஸில் சென்சார் மேல் விழும் சூரியன் 4.6 மில்லிமீட்டர்தான். 200 மில்லிமீட்டரில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணால் பார்ப்பதற்கேற்ற அடர்த்தியுள்ள சூரியப் படலத்தோடு, கேமராவில் ஐஎஸ்ஓ 100, எஃப்/8 வைத்தால் 1/500 நொடியைச் சுற்றி மேலும் கீழும் எடுத்துப் பாருங்கள். சூரியன் அடிவானத்துக்கு அருகே இருந்தால், மெல்லிய மேகம் ஓடினால் இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். ஃபோகஸை முதல்நாளே சூரியனின் விளிம்பில் கையால் சரிசெய்து பழகுங்கள், ஆட்டோவை நம்ப வேண்டாம். மேகம் ஓடுகிறது, சூரியன் மங்கலாகத்தானே இருக்கிறது என்று வடிகட்டியைக் கழற்றும் ஆசை வரும். கழற்றாதீர்கள், மேகம் ஒரு நொடியில் விலகும்.

கைப்பேசியில் சூரியனை எடுத்து ஏமாறாதவர்கள் குறைவு. அதன் லென்ஸ் அவ்வளவு சின்னது, சூரியன் ஒரு வெள்ளைப் பொட்டாகத்தான் வரும். லென்ஸுக்கு முன்னால் கிரகணக் கண்ணாடியைப் பிடித்து, ஜூம் வைத்து, திரையில் சூரியனை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் குறைத்தால் ஒரு பிறை கிடைக்கும். அது உலகத்தில் எல்லாரும் எடுத்த பிறையாகத்தான் இருக்கும்.

நம் ஊர்ப் படம் கீழே கிடக்கிறது. கீற்றுக் கொட்டகை போட்ட டீக்கடையின் தரை, பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவரில் விழும் போகன்வில்லா நிழல், பள்ளிக்கூட மரத்தடியில் வெள்ளைச் சட்டையோடு நிற்கும் பிள்ளைகள். இவற்றுக்கு வடிகட்டி வேண்டாம், பத்தாயிரம் ரூபாய் கைப்பேசி போதும். வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி எடுத்தால் பிறைகளின் ஓரம் வெளுக்காமல் நிற்கும். கிரகணம் பிடிப்பதற்கு முன்பே அதே இடத்தில் ஒரு படம் எடுத்துவையுங்கள், வட்டங்களோடு. பிறகு பத்து நிமிடத்துக்கு ஒன்று. ஓர் அட்டையில் பிள்ளையின் பெயரை ஊசி ஓட்டைகளால் எழுதி, அதன் நிழலை வேட்டியில் விழவைத்தால் பெயரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிறையாகும். 2010இல் ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவில் நான் எடுத்த மாட்டின் படம் இன்றும் ஆயா வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதற்கப்புறம் வடிகட்டி போட்டு எடுத்த நூறு படத்தில் ஒன்றைக்கூட யாரும் சட்டம் போட்டு மாட்டவில்லை.

அடுத்து நமக்கு வருவது 2027 ஆகஸ்ட் 2. எகிப்தின் லக்சரில் 6 நிமிடத்துக்கும் மேல் சூரியன் முழுக்க மறையும் பெரிய கிரகணம் அது. நமக்கு மாலை நேரத்தில் ஒரு பகுதி மட்டும். அன்று ஆடி அமாவாசை. காலையில் தர்ப்பணம் கொடுக்கக் கடற்கரைக்குப் போகிறவர்கள் மாலையில் கடலுக்கு முதுகைத் திருப்ப வேண்டியிருக்கும், ஏனென்றால் சூரியன் மேற்கே இருக்கும். ஊசுட்டேரிக் கரை மாதிரி மேற்கு திறந்த இடமோ, மேற்கு பார்த்த மொட்டை மாடியோ வேண்டும். வீட்டில் மேற்கு ஜன்னல் இருந்தால் அதை அட்டையால் மூடி ஒரே ஓர் ஓட்டை விடுங்கள், 4 மீட்டர் தள்ளியிருக்கும் எதிர்ச்சுவரில் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் சூரியன் வந்து உட்காரும்.

நான் காத்திருப்பது அதற்கடுத்த பெரிய கிரகணத்துக்கு. 2031 மே 21. கொச்சி, கோட்டயம், தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் வழியாக வளையம் போகிறது. வேதாரண்யம் நமக்குச் சில மணி நேரப் பேருந்துப் பயணம்தான், வளையத்தைப் பார்க்க விரும்புபவர்கள் போகலாம். நான் போகமாட்டேன். அன்று கத்திரி வெயில், கிரகணம் உச்சத்தைத் தொடும் ஒரு மணி வாக்கில் சூரியன் ஏறத்தாழ நம் தலைக்கு நேர்மேலே நிற்கும். 2010இல் ஜனவரி என்பதால் சரிந்து வந்த வெயில், அன்றைக்குக் கூரைப் பொத்தல்களில் நேராக இறங்கும். மூன்று மீட்டர் உயரக் கூரைக்கு ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் பிறை, சப்பையாகாமல், கோணாமல். ஆயா வீட்டுக் கொட்டகையை இடித்துவிட்டு ஷீட் போட்டுவிடலாம் என்று மாமா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். 2031 மே வரை கீற்றே இருக்கட்டும் மாமா என்று கேட்டிருக்கிறேன். கீற்று மாற்றும் செலவு என்னுடையது.